சிரிக்கிற முகத்துக்கு ஒரு வட்டம்

இரண்டு மாதமாக இந்த மூலையில் உங்களோடு வேறு ஏதேதோ கதைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரம் கச்சான் காற்று. ஒரு வாரம் கின்னியாப் பாலத்தில் தூண்டில் போடுகிறவர்கள். போன வாரம்... உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, ஒன்றுமே இல்லாததைப் பற்றி ஒரு முழுப் பத்தி.

உப்புவெளி வாசகி ஒருவர் விடவில்லை. 'ஆஸ்பத்திரிச் சிறுவர் விடுதிக்குப் படிவம் நிரப்பப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். போனீர்களா? அதற்குப் பிறகு அதைப் பற்றி மூச்சே இல்லையே?' என்று கேட்டிருக்கிறார்.

போனேன், அம்மா. போன செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவையும் போனேன். இரண்டாம் தடவை போயிராவிட்டால் இன்றைக்கும் தூண்டில்காரர்களைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்.

ராஜி என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது எங்கள் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் சிறுவர் விடுதிக்கு, அதுதான் பிள்ளைகள் வாட்டுக்கு, பொறுப்பான தாதி. எந்த வைத்தியசாலை என்று கேட்காதீர்கள். சொன்னால் நீங்கள் அந்த ஒன்றைத் திட்டிவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவீர்கள்.

"பிள்ளைகளைப் பாக்கிற விதம் எப்பிடி எண்டு தாய் தகப்பனிட்டக் கேட்டு அனுப்பச் சொல்லி மேலிடத்தில இருந்து வந்திருக்கு," என்றாள். "நாங்கள் போய்க் கேட்டா எல்லாரும் நல்லம் எண்டுதான் சொல்லுவினம். வெளியாள் கேட்டா உண்மை வரும். நீ வாவன்."

வெளியாள்! அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. எழுதுகிறவர்களுக்கு அதுவொரு பட்டம் மாதிரி. உடனே ஓம் என்றேன்.

வாசல் மரத்தடியில் வழக்கமான இரண்டு மான்கள் நின்றன. யாரோ எறிந்த சாப்பாட்டுப் பொதியின் லன்ச் சீற்றை ஒன்று மென்றுகொண்டிருந்தது. உள்ளே, வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, அடுப்படி வெக்கை. கடைசி யன்னலுக்கு வெளியே துறைமுகம். மூன்று நாளாக நகராத ஒரு சாம்பல் நிறக் கப்பல். நீர் மினுங்கியது... கண்ணைக் குத்துகிற மினுக்கம். கட்டிலுக்கு ஒரு பிள்ளை, சில கட்டில்களில் இரண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில், தூங்காத ஒரு முகம்.

படிவத்தின் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. 'வழங்கப்பட்ட பராமரிப்பின் தரம் தொடர்பில் தாங்கள் எய்திய திருப்தியின் மட்டம்.' இப்படி யார் கதைக்கிறார்கள்? எந்த ஊரில்? நல்லவேளை, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஐந்து வட்ட முகங்கள் கீறியிருந்தார்கள். முதலாவது, கண்ணீர் விட்டு அழுகிறது. இரண்டாவதற்கு வாய் கீழே தொங்குகிறது. மூன்றாவதற்கு வாய் ஒரு நேர்கோடு. நான்காவது லேசாகச் சிரிக்கிறது. ஐந்தாவது பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. கேள்வியைச் சொல்லிக் கேட்டு, பெற்றோர் காட்டுகிற முகத்தைச் சுற்றி நான் ஒரு வட்டம் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கதவோரக் கட்டிலில் தொடங்கினேன்.

நகரத்துப் பொறியியலாளர் ஒருவர். மகனுக்கு டெங்கு. ஆபத்துக் கட்டம் தாண்டி, பையன் அப்பாவின் போனில் விளையாடிக்கொண்டிருந்தான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கள் பத்தி எழுதுறவா எல்லோ? அப்ப இதை எழுதுங்கோ."

எழுதச் சொன்னவை பல. மின்விசிறி கிறீச்சிடுகிறது, மூன்று நாள் சொல்லியும் எண்ணெய் விடவில்லை. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மனைவி உள்ளே போனால் இவர் வெளியே காவல் நிற்க வேண்டியிருக்கிறது. டொக்டர் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. எல்லாக் கேள்விக்கும் முதலாவது முகம். ஒரு கேள்விக்கு, அதற்கும் முன்னால் ஒரு முகம் கீறவில்லையா என்று கேட்டார்.

ஒன்றுகூடப் பொய் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் இல்லைதான். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அலறத்தான் செய்தது. ஆனால் நான் அங்கே நின்ற பத்து நிமிடத்தில் இளம் தாதி ஒருத்தி இரண்டு தடவை வந்து, "சேர், தம்பி எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். குறை சொல்லத் தெரிந்தவரின் கட்டிலடியில்தான் காலடிச் சத்தம் அடிக்கடி கேட்கிறது. கவனித்திருக்கிறீர்களா?

அடுத்தவர் கந்தளாயிலிருந்து வந்த சிங்களத் தகப்பன். வயல்காரர். என் சிங்களம் பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லுகிற அளவுதான். அவர் பாவம் பார்த்து, படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, சிங்களப் பக்கத்தைத் திருப்பி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தானே வாசித்து நிரப்பினார். பெரும்பாலும் நான்காவது முகம். பின்பக்கத்தில் குடிதண்ணீரைப் பற்றி நான்கு வரி. கடைசியில் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், கையெழுத்து.

பெயர் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பெயர் இல்லாவிட்டால் யாருக்குப் பதில் அனுப்புவார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

பதில் வரும் என்று நம்புகிற ஒரு மனிதரைக் கண்டு எவ்வளவு காலம்! எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்து பரீதா. குறிஞ்சாக்கேணி. எட்டு மாதக் குழந்தைக்கு மூச்சிழுப்பு. கட்டிலில் சம்மணமிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, விடுதி முழுவதையும் ஒரு பார்வையில் வைத்திருந்தாள். யாருடைய பிள்ளைக்கு எத்தனை டிகிரி, யாரை நாளை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். என் கையில் காகிதக் கட்டைக் கண்டதும் நான் அவளுக்கு டீச்சர் ஆகிவிட்டேன்.

"நம்மளயா மார்க் போடச் சொல்றீங்க டீச்சர்? நம்ம போடுற மார்க்குல இவங்க பெயிலாகிட்டா, வேற ஆஸ்பத்திரியா இரிக்கி?"

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், விடுதியில் அன்றைக்கு யாராவது முழு உண்மை சொன்னார்கள் என்றால், அது இதுதான்.

எல்லாவற்றுக்கும் நடு முகத்தைப் போடச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"நல்லம் எண்டா பொய். கூடாது எண்டா வந்து ஏன் எண்டு கேப்பாங்க. நடுவுல இருந்தா ஒருத்தரும் நம்மளக் கண்டுக்க மாட்டாங்க."

நடுவில் இருப்பது. எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் உயிரைக் காத்த வித்தை அது. படிவம் கீறினவர்கள் அந்த நேர்கோட்டு வாயை 'கருத்து இல்லை' என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியாக யன்னலோரக் கட்டில்.

சுகந்தி கிளிவெட்டியிலிருந்து வந்தவள். முப்பது வயது இருக்கலாம். புருஷன் சிறுபோக வயலோடு. மகள் யதுஷாவுக்கு ஐந்தரை வயது, நெஞ்சுச்சளி, விடுதிக்கு வந்து ஐந்தாவது நாள். நான் கிட்டப் போனதும் சுகந்தி எழுந்து நின்றாள். இருங்கோ என்றேன். கட்டிலின் விளிம்பில், விழுந்துவிடுகிற மாதிரி, ஒரு ஓரமாக இருந்தாள்.

இங்கேதான், வாசகர்களே, நான் உங்களைக் கொஞ்சம் மெதுவாகக் கூட்டிப்போக வேண்டும்.

பேனை பிடித்திருந்த என் கையே வியர்த்து வழுக்கியது. அந்த வெக்கையில் பிள்ளையின் வலது கை ஒரு நீலத் துவாய்க்குள் இருந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கைவரை சுற்றியிருந்தாள். துவாயின் மறுபக்கத்திலிருந்து சேலைன் குழாய் மேலே ஏறிப் போனது.

கண்டேன். காணாமல் இல்லை. பிள்ளை ஊசியைப் பிடுங்கிவிடாமல் இருக்கத் தாய் மறைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்க வேண்டியதை ஊகித்துக்கொள்வார்கள்.

அவள் என்னை மிஸ் என்றாள். தாதிகளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் மிஸ் இல்லை, வெளியாள், பேப்பருக்கு எழுதுகிறவள் என்றேன். அவள் முகம் இன்னும் ஒரு சுற்று இறுகியது.

"இது டொக்டரிட்டப் போகுமா மிஸ்?"

"ஓம், எல்லாரிட்டயும் போகும். அதால பயப்படாமச் சொல்லுங்கோ."

தைரியம் கொடுப்பதாக நினைப்பு எனக்கு! அவள் தலைமாட்டில், பொலித்தீன் பையில் பத்திரமாகச் சுற்றி, பிள்ளையின் கிளினிக் கொப்பி கிடந்தது. அரச வைத்தியசாலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தக் கொப்பிதான் பிள்ளையின் விதி. டொக்டர் அதில் எழுதினால் மருந்து வரும். அதில் எழுதினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் யாராவது ஒரு காகிதத்தில் எதையாவது எழுதினால், அது போய்ச் சேருகிற இடம் அந்தக் கொப்பிதான். அவளுக்கு வேறு காகிதம் தெரியாது. நான் கொண்டுபோனது வேறு காகிதம் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

கேட்டேன். நல்லம் மிஸ். கேட்டேன். நல்லம் மிஸ். சாப்பாடு நல்லம். தண்ணீர் நல்லம். தாழ்ப்பாள் இல்லாத கழிவறையும் நல்லம்.

கூப்பிட்டால் தாதிமார் உடனே வருவார்களா என்று கேட்டேன். கூப்பிடத் தேவையே வரவில்லை என்றாள். நல்ல ஆட்கள், தங்கமான ஆட்கள் என்றாள். சொல்லும்போது அவள் கை அந்தத் துவாயை நீவிக்கொண்டிருந்தது, பூனைக்குட்டியைத் தடவுவது போல.

அடுத்த கேள்வி நோவை, வலியைப் பற்றி. படிவத் தமிழை உரித்துவிட்டு, பிள்ளைக்கு நோ வந்தால் உடனே பார்க்கிறார்களா என்று கேட்டேன்.

"அம்மா... கை," என்றது பிள்ளை.

"பேசாம இரு மகள். மிஸ் எழுதுறா."

நான் எழுதினேன்.

இல்லை, உடனே எழுதவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். பிள்ளையோடு கொஞ்சம் கொஞ்சிவிட்டுப் போவோம் என்று படிவப் பலகையை அவள் முன்னால் நீட்டினேன். "நீங்க சொல்லுங்கோ செல்லம். எந்த முகம்?"

யதுஷா இடது கையை எடுத்தாள். யோசிக்கவே இல்லை. நேராக முதலாவது முகத்தில், அந்தக் கண்ணீர்த் துளியின் மேலே விரலை வைத்தாள்.

நான் சிரித்தேன். ஓம், சிரித்தேன்.

சுகந்தியும் சிரித்தாள். பிள்ளையின் விரலைப் பிடித்து, அழுகிற முகத்திலிருந்து தொங்கும் வாய்க்கு, நேர்கோட்டுக்கு, சின்னச் சிரிப்புக்கு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, ஐந்தாவது முகத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"கண்ணீர் போட்ட படம் எண்டா அவவுக்கு வடிவு, மிஸ். விளையாட்டு."

அந்த நேரம் பார்த்துக் கதவோரம் பொறியியலாளரின் குரல் உயர்ந்தது. இளம் தாதி ஓடினாள். யாரோ ஏணி கொண்டுவந்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். சட்டென்று விழுந்த அமைதியில் விடுதி முழுக்கப் பிள்ளைகளின் மூச்சுச் சத்தம். நான் ஐந்தாவது முகத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். என் வட்டங்கள் எப்போதும் வடிவானவை.

மறுநாள் காலை ராஜி போன் எடுத்தாள். குரலில் தண்ணீர்.

நான் விடுதியை விட்டு வந்து ஒரு மணித்தியாலத்தில், சுகந்தி சுடுதண்ணீர் எடுக்க வெளியே போன நேரம், பரீதா தன் குழந்தையைத் தோளில் போட்டபடி யன்னலோரக் கட்டிலுக்குப் போயிருக்கிறாள். பிள்ளை முனகுவது அவளுக்குக் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்ததாம். துவாயை விலக்கிப் பார்த்தாள். பார்த்த பிறகு, நடுவில் இருந்தால் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று எனக்குச் சொன்ன அதே பரீதா, விடுதியே அதிரக் கத்தினாளாம்.

நாளத்துக்குள் போக வேண்டிய மருந்து, ஊசி விலகி, வெளியே சதைக்குள் போயிருக்கிறது. மணிக்கணக்காக. கை ஊதி, பளபளத்து, நடுவில் கறுக்கத் தொடங்கியிருந்தது.

தாய் ஏன் சொல்லவில்லை?

நான் போனதற்கு முதல் நாள் பிள்ளை கையை உதறியதில் ஊசி ஒரு தடவை கழன்றுவிட்டது. திரும்ப ஏற்ற நாலு இடத்தில் குத்த வேண்டியிருந்தது. விடுதி நிறையப் பிள்ளைகள், நிற்பது இரண்டே தாதிகள். களைத்துப்போன ஒருத்தி, அட்டைத்துண்டு வைத்துக் கையைக் கட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறாள், இனி ஆட்டினால் உங்கட பொறுப்பு, குத்த வேற நரம்பு இல்லை என்று. தமிழில்தான் சொன்னாள். பாஷையில் ஒரு குழப்பமும் இல்லை. சுகந்திக்கு வடிவாக விளங்கியது. காலையில் கை வீங்கத் தொடங்கியதும் அவளுக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை கையை ஆட்டிவிட்டது. பிழை எங்களுடையது. பொறுப்பு எங்களுடையது.

வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே துவாயை எடுத்துச் சுற்றிவிட்டாள்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உடன கழட்டியிருப்பமடி," என்றாள் ராஜி. "ஒரே ஒரு சொல்லு."

பிள்ளை சொன்னது, ராஜி. 'அம்மா, கை' என்று இரண்டு சொல் சொன்னது. விரல் வைத்தும் காட்டியது. வெளியாளுக்குத்தான் காட்டியது. இதை நான் ராஜியிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதல்முதலாகச் சொல்லுகிறேன். சுகந்தியின் படிவத்தை மட்டும் எடுத்துக் கிழிக்க முடியுமா என்று கேட்டேன். எண்ணி அனுப்பியாச்சு என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெயில் தாழ்ந்ததும் கடற்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். அலை வந்து வந்து அழித்துவிட்டுப் போகிற மணலில் என் காலே எனக்கு முன்னால் ஓடியது. யார் திருப்தியாக இருந்தார்கள்? யார் இல்லை? எந்தக் கட்டிலில் என்ன நடந்தது, எந்த முகத்தில் வட்டம் விழுந்தது? நன்றாகத் தேறிய பிள்ளையின் தகப்பன் அழுகிற முகத்தைக் கேட்டார். கை கறுத்துக்கொண்டிருந்த பிள்ளையின் தாய் சிரிக்கிற முகத்தைக் கேட்டாள். நாங்கள் கேட்டது வைத்தியத்தைப் பற்றி. அவர்கள் சொன்னது, எதைக் கேட்டால் தங்களுக்குக் கிடைக்கும் என்று இத்தனை வருடத்தில் படித்ததைப் பற்றி.

என்னுடைய கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் சின்னவனாக இருந்தபோது அவனுக்கும் இழுப்பு. ஒரு தடவைகூட நான் வரிசையில் நின்றதில்லை. ஓட்டோவில் ஏறுவதற்கு முதலே, தெரிந்த டொக்டர் ஒருவருக்கு போன் போய்விடும். அப்படியிருந்தும், கதிரை இல்லை, காத்து இல்லை என்று இதே பத்தியில் ஒரு தடவை பொரிந்து தள்ளினேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நிறையப் பேர் பாராட்டி எழுதினீர்கள். என் வாழ்நாளில் நான் ஒரு ஆஸ்பத்திரிக்கும் ஐந்தாவது முகம் போட்டதில்லை. போட வேண்டிய அளவுக்கு எனக்குப் பயம் இருந்ததில்லை.

போன செவ்வாய் ராஜி கூப்பிட்டாள். ஒரு விஷயம் காட்ட வேண்டும் என்றாள்.

அறிவித்தல் பலகையில் ஒரு வர்ண வரைபடம் ஒட்டியிருந்தது. ஐந்து முகங்கள், ஐந்து தூண்கள். ஐந்தாவது முகத்தின் தலையில் பச்சைத் தூண் தென்னைமரம் மாதிரி நெடுநெடு என்று நின்றது. மூலையில் யாரோ ஒரு பொன் நட்சத்திரம் ஒட்டியிருந்தார்கள். அழுகிற முகத்துக்கு மேலே சிவப்பில் ஒரு குட்டித் தூண். அனேகமாக அது எங்கள் பொறியியலாளர் ஒருவர்தான்.

ராஜி அந்தத் தூணைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "இதைக் கழட்டச் சொல்லிக் கேட்டனான். ஏலாதாம். நல்ல ரிசல்ட்டாம்."

மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. கழிவறைக் கதவில் புதுத் தாழ்ப்பாள் பளபளத்தது. கந்தளாய்த் தகப்பனுக்குப் பதில் போயிற்றா என்று கேட்டேன்.

"படிவத்தின்ர பின்பக்கத்தை ஆரடி பாக்கிறது?" என்றாள்.

வெளியே வந்தேன். கிளினிக் வரிசையின் கடைசிக் கதிரையிலிருந்து ஒரு குரல்.

"மிஸ்!"

சுகந்தி. மடியில் பொலித்தீன் பையும் கிளினிக் கொப்பியும். பக்கத்தில் யதுஷா, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, சிவப்பு ரிபன் கட்டி. வலது கை மடியில் தனியாகக் கிடந்தது, யாரோ அவளிடம் வைத்திருக்கக் கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. கொழும்புக்கு அனுப்பி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் அசைகின்றன. மற்ற மூன்றும் உள்ளே மடிந்தபடி. எழுதுகிற கை. இப்போது இடக்கையால் எழுதப் பழக்குவதாகச் சுகந்தி சொன்னாள், ஏதோ நல்ல செய்தி சொல்லுகிற குரலில்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திவிட்டாள்.

"உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடோணும் மிஸ். நீங்க அண்டைக்கு நல்லாப் போட்டு விட்டபடியாத்தான் எங்கள கொழும்புக்கு அனுப்பினவங்க."

அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். கொழும்புக்கு அனுப்பியது கையைக் கண்டுதான், அனுப்பாமல் விட முடியாது, அது உங்கட உரிமை என்றேன். அந்தக் காகிதம் கொப்பிக்குள் போகவில்லை, டொக்டர் அதைக் கண்டதே இல்லை என்றேன். ஊசி விலகினது பிள்ளையின் பிழையும் இல்லை, உங்கட பிழையும் இல்லை என்று, மூச்சு வாங்க, ஒரு முழுப் பத்தி அளவுக்குச் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் ஓம் மிஸ், ஓம் மிஸ் என்று தலையாட்டினாள். செய்த உதவியைச் சொல்லிக்காட்ட விரும்பாத பெரிய மனிசியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

அன்றைக்குக் கேட்காததை இன்றைக்காவது கேட்போம் என்று குனிந்தேன். "பிள்ளைக்கு இப்ப கையில நோ இருக்கா?"

"இல்ல மிஸ். நல்லம்," என்றாள் சுகந்தி.

பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு குரலைத் தணித்து, பக்கத்துக் கதிரைக்குக் கேட்காத மாதிரி, சுகந்தி கேட்டாள். "இண்டைக்கும் அந்தப் பேப்பர் கொண்டந்தீங்களா மிஸ்? ஒண்டு போட்டு விடுங்களன். அடுத்த ஒப்பரேஷனுக்கு எழுதிக் குடுக்கிறது இண்டைக்குத்தான்."

என் கைப்பையில் ஒன்று இருந்தது. அன்றைக்கு மிஞ்சியது, நாலாக மடித்தபடி. இரண்டு மாதமாக ஏன் சுமந்துகொண்டு திரிந்தேன் என்று எனக்கே தெரியாது. எடுத்து விரித்தேன். இது வெறும் கடதாசி, சுகந்தி, இதில் எதைப் போட்டாலும் ஒன்றும் நடக்காது, பாருங்கோ, என்று காட்டத்தான் விரித்தேன்.

யதுஷா எட்டிப் பார்த்தாள். ஐந்து முகங்களையும் அடையாளம் கண்டுகொண்டாள் என்பது கண்ணில் தெரிந்தது. இடது கையை என் பக்கம் நீட்டினாள். பேனை கேட்கிறாள். கொடுத்தேன்.

பேனையை முழுக் கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர்த்துளி முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பிறகு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிற அந்தக் கடைசி முகத்தைச் சுற்றி, முட்டை மாதிரி ஒரு கோணல் வட்டம் போட்டாள்.

இந்த முறை அவளுடைய விரலை ஒருவரும் பிடித்து நகர்த்தவில்லை.